நெஞ்சுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு, குற்றம் கண்டால் எறியும் மஞ்சள் கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு, தலைக்கவசம் அணிந்த இளைஞர்களுக்குப் பக்கத்தில் ஓடுகிறேன். ஓடி முடிந்ததும் இரண்டு அணிக்காரரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். அமெரிக்கன் ஃபுட்போலுக்கு நடுவராக இருப்பது என்றால் இவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவதை எப்போதோ கைவிட்டுவிட்டேன். நாங்கள் இருக்கும் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் உதைபந்தாட்டம் என்றால் கோயில் ஐயருக்கும் விளங்கும். இது அப்படியில்லை. "அந்த முட்டைப் பந்தை வைச்சு மாடு மாதிரி முட்டுற விளையாட்டுத்தானே?" என்பார்கள். என் மனைவியின் தமக்கை, நான் ரக்பி விளையாடுவதாகவே இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லி வருகிறார். நான் விளையாடுவதில்லை, அது ரக்பியும் இல்லை என்று பலமுறை சொல்லியாயிற்று.

பதின்ம வயதில் இங்கே ஒரு கழகத்தில் விளையாடினேன். பிறகு விட்டுவிட்டேன், ஆனால் மைதானத்தை விட மனம் வரவில்லை. நடுவர் பயிற்சிக்குப் போனேன். கிழமை நாட்களில் லிஃப்ட் திருத்தும் வேலை. லிஃப்டுக்குள் அகப்பட்டவர்களை வெளியே எடுத்துவிட்டால் நன்றி சொல்வார்கள் என்று நினைப்பீர்கள். ஏசுவார்கள். ஆகவே ஏச்சு எனக்குப் புதிதில்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னை உண்மையாகவே களைக்கச் செய்கிறது. பலமாக இடிப்பதற்கும் ஊத்தையாக அடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் பார்க்க விரும்புவதில்லை. சத்தம் பெரிதாக வந்தால் அது குற்றம். சத்தமே வராவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை. பந்தைப் பிடித்தவனை எதிரே வந்து தோளால் நெஞ்சில் இடித்து விழுத்தலாம், விளையாட்டே அதுதான். கவசத்தால் தலையில் முட்டக்கூடாது. பின்னால் வந்து காலில் விழக்கூடாது. விசில் ஊதின பிறகு தொடக்கூடாது. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? வருடக்கணக்காக இதையே பயிற்சியாளர்களுக்கும், தாய் தகப்பன்மாருக்கும், விளையாடுகிற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொல்லப்போகும் ஆட்டம் இரண்டு பல்கலைக்கழக அணிகளுக்கு இடையே நடந்தது. இளவேனில் காலம். முதல்நாள் மழையில் புல் ஊறிப்போயிருந்தது. நான் பக்கக்கோட்டில் நிற்கும் நடுவர். எனக்குப் பின்னால் ஒரு இடுப்பளவு வேலி, அதற்குப் பின்னால் பார்வையாளர்கள். பக்கக்கோட்டில் நிற்பவனுக்கு ஆட்டம் பாதி, வேலிக்குப் பின்னால் இருந்து வரும் கதை பாதி. பழகினால் காதில் ஏறாது. ஆனால் அன்றைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் தமிழில் வந்தது.

"ஓடடா, ஓடு. பாத்து ஓடு."

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது தாண்டிய ஒருவர், குளிருக்குப் போட்ட கறுப்பு ஜக்கெட், கையில் ஃபிளாஸ்க். உள்ளூர் அணியில் பந்து பிடிக்க ஓடும் ஆட்களில் ஒருவன் எங்கள் தமிழ்ப் பொடியன் என்பது அப்போதுதான் தெரிந்தது. தலைக்கவசத்துக்குள் யார் யாரென்று யாருக்குத் தெரியும்? உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது என்பதை மறைக்கவில்லை. இத்தனை வருடத்தில் மைதானத்தில் தமிழ் கேட்டது அதுவே முதல் தடவை. அந்தச் சந்தோசம் நெடுநேரம் நிலைக்கவில்லை.

இரண்டாவது கால்பகுதியில் பொடியனுக்கு உயரமாக ஒரு பந்து வந்தது. எட்டிப் பிடித்தான். பிடித்து, காலை ஊன்றி, திரும்பி ஓர் அடி வைத்தான். அந்த நேரம் எதிரணியின் பின்காவலன் நேரே வந்தான். அவனும் மாணவன்தான், வைக்கிங் படத்தில் வருகிறவன் மாதிரி உடம்பு. தோளை இறக்கி, தலையை ஒரு பக்கம் விலக்கி, பொடியனின் நெஞ்சில் இடித்தான். வேனின் கதவை அடித்துச் சாத்தியது போல ஒரு சத்தம். பொடியன் பின்பக்கமாக விழுந்தான், பந்து எங்கேயோ போனது, மூச்சு எடுக்க முடியாமல் கிடந்தான். எனக்கு முன்னால், ஐந்தாறு மீற்றரில் நடந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். கவசம் கவசத்தில் படவில்லை. கை மேலே போகவில்லை. விசில் ஊதவில்லை. சுத்தமான இடி. கொடியை எடுக்கவில்லை.

உடனே பின்னால் வெடித்தது. முதலில் ஜெர்மனில், பிறகு தமிழில்.

"என்ன இது? நடுவர் நித்திரையோ? எடுங்கோ கொடியை. என்ர பிள்ளையைக் கொல்லுறான், பாத்துக்கொண்டு நிக்கிறீர்."

நான் திரும்பவில்லை. பொடியனைக் கவனிக்க மருத்துவ உதவியாளர் ஓடி வந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். மூச்சடைத்ததுதான், எலும்பு ஒன்றுக்கும் பழுதில்லை. இடித்தவனே கை நீட்டினான். பொடியன் அந்தக் கையைப் பிடிக்காமல் தானாக எழும்பினான். எனக்கு அது பிடிக்கவில்லை. வாங்கின இடியை விளையாட்டாக இல்லை, அவமானமாக எடுத்துக்கொண்டான் போல. இந்த வயதில் அதுதான் மோசம்.

வெளியே இருந்துவிட்டு இடைவேளைக்குப் பிறகு உள்ளே வந்தான். வரும்போது வேலியடியால் வந்தான். அந்தக் குரல் மறுபடி வந்தது, இந்த முறை தாழ்ந்து, ஆனால் எனக்குக் கேட்கும் தூரத்தில்.

"விட்டிடாதை. அவன்ர முழங்காலுக்கு ஒண்டு குடு."

அந்த மைதானத்தில் இதை விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் மூன்று பேர். சொன்னவர், சொல்லப்பட்டவன், நான். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். தகப்பன்மார் வேலிக்குப் பின்னால் நின்று என்னவெல்லாம் கத்துகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. கொல்லு, பிய், நொறுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்தை நிறுத்தினால் திங்கட்கிழமைதான் வீட்டுக்குப் போகலாம்.

அடுத்த சில நிமிடங்களில் உள்ளூர் அணி பந்தை மறுபக்கமாக ஓடவிட்டது. எல்லோருடைய கண்ணும் அந்தப் பக்கம். பந்தோடு ஓடியவன் விழுந்தான், விசில் ஊதினார்கள். எங்கள் பக்கத்தில் பின்காவலன் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடந்து போய்க்கொண்டிருந்தான், முதுகு எங்களுக்கு. பொடியன் நாலு எட்டு ஓடிப் போய் அவனுடைய முழங்காலின் பின்பக்கத்தில் முழு உடம்பையும் போட்டு விழுந்தான். சத்தமே வரவில்லை. ஈரத் துணியை நிலத்தில் போட்டது போல இருந்தது. அதற்குப் பிறகு வந்தது பின்காவலனின் சத்தம். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

கொடியை எறிந்தேன். வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை நடுவர் ஓடி வந்து, "என்ன பார்த்தாய்?" என்று கேட்டார். "விசிலுக்குப் பிறகு, பந்துக்குத் தூரத்தில், பின்னால் இருந்து, முழங்காலில்," என்றேன். "வெளியேற்றலா?" "வெளியேற்றல்." அவ்வளவுதான். பொடியன் கவசத்தைக் கழற்றிக்கொண்டு போனான். உள்ளூர்ப் பார்வையாளர்கள் எனக்குக் கூச்சல் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த அடியைப் பார்க்கவே இல்லை. பந்து போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். பார்க்காத விஷயத்தில்தான் மனிதருக்கு இவ்வளவு உறுதி வருகிறது.

ஆட்டம் முடிந்து கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தால், என் காரில் சாய்ந்துகொண்டு தகப்பன் நிற்கிறார். மகன் கொஞ்சம் தள்ளிப் பையோடு நிற்கிறான்.

"அண்ணை, நீங்கள் தமிழ் ஆள் எண்டு இப்பதான் பேரைக் கேட்டு அறிஞ்சனான்."

"ஓம்."

"அப்ப சொல்லுங்கோ. என்ர பிள்ளையைத் தூக்கி எறிஞ்சவன், மூச்சு நிண்டு போச்சு, அவனுக்கு ஒண்டுமில்லை. என்ர பிள்ளை சும்மா காலிலை தட்டினவன், அவனை வெளியில போட்டியள். இது என்ன நியாயம்?"

"அண்ணை, அவன் முன்னால வந்து நெஞ்சில இடிச்சவன். பந்து உங்கட மகன்ர கையில இருந்தது. அது விளையாட்டு. உங்கட மகன் பின்னால போய் முழங்காலில விழுந்தவன். விசில் ஊதி முடிஞ்சுது. அது விளையாட்டில்லை."

"எது கூட நொந்தது? அதைச் சொல்லுங்கோ."

"நோவைப் பாத்துக் கொடி போடுறதில்லை அண்ணை."

"பின்ன எதைப் பாத்து? தோலின்ர நிறத்தைப் பாத்தோ? நீங்களே இப்பிடிச் செய்தால் வெள்ளைக்காரன் என்ன செய்யமாட்டான்?"

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் நானும்தான் இருக்கிறேன். நிறத்தைப் பார்த்து முடிவு செய்தவர்களை நானும் கண்டிருக்கிறேன். அந்தப் பெரிய குற்றச்சாட்டை இந்த முழங்காலுக்குக் கொண்டுவந்து சாத்தியது எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் வேலியடியில் சொன்னது எனக்குக் கேட்டது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முன்னால் சொல்ல மனம் வரவில்லை.

"அப்பா, வாங்கோ போவம்," என்றான் மகன்.

அடுத்த கிழமை பக்கத்து நகரமான ஹாகனில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. மண்டபத்தில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தேன். எதிரே இருந்தவர் கேட்டார், "நீங்கள் எங்கட பொடியன் ஒருவனை விளையாட்டில இருந்து கலைச்சனீங்களாம்?" கதை எனக்கு முன்னாலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவரும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். நான் அப்பளத்தையும் ஒரு கரண்டியையும் வைத்து, இவன் இங்கே நின்றான், அவன் இப்படி வந்தான் என்று காட்டினேன். கவனமாகக் கேட்டார்கள். கேட்டு முடித்துவிட்டு எதிரே இருந்தவர் சொன்னார், "எல்லாம் சரி. ஆனாலும் நெஞ்சில இடிக்கிறது பெரிய பிழைதானே. இதயம் இருக்கிற இடம்."

நான் அப்பளத்தைச் சாப்பிட்டுவிட்டேன்.

வீட்டில் மனைவி, "ஒவ்வொருத்தருக்கும் ஏன் விளங்கப்படுத்துறியள்? விடுங்கோவன்," என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் எனக்கு விட ஏலவில்லை. ஆட்டத்தைப் படம் பிடித்திருந்தார்கள். அந்த இரண்டு துண்டையும் வெட்டி, நம்பரைத் தேடி எடுத்துத் தகப்பனுக்கு அனுப்பினேன். மெதுவான வேகத்தில், வட்டம் போட்டு. அன்று மாலையே அழைத்தார்.

"பாத்தனான் அண்ணை. முதலாவதில பாருங்கோ, பிள்ளையின்ர கழுத்து எப்பிடிப் பின்னால போகுது."

"இரண்டாவதைப் பாத்தனீங்களோ?"

"இரண்டாவதில ஒண்டும் விளங்கேல்லை. தூரத்தில எடுத்தது."

இரண்டும் ஒரே கமெரா, ஒரே இடத்தில் இருந்து எடுத்தது.

ஒருவனை வெளியேற்றினால் நடுவர் அறிக்கை எழுத வேண்டும். அதில் ஆட்டக்காரன் என்ன செய்தான் என்று கேட்டிருந்தார்கள், எழுதினேன். வேலிக்குப் பின்னால் நின்றவரைப் பற்றிக் கேட்கவில்லை, எழுதவில்லை. ஆனால் எதிரணியின் மாற்று ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த அடிக்கு முன் ஒருவர் வேலியடியில் நின்று வேற்று மொழியில் ஏதோ சொல்லித் தன் முழங்காலைக் கையால் தொட்டுக் காட்டினார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லீக்கின் விசாரணைக் குழு எங்கள் எல்லோருக்கும் ஒரு சனிக்கிழமை காலை வரச் சொல்லி டெர்மின் அனுப்பியது. டுய்ஸ்பேர்க்கில் ஒரு விளையாட்டு மண்டபத்தின் கூட்ட அறை.

போய்ப் பார்த்தால் தகப்பன் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், தனக்கு நீதி கிடைக்கப்போகிற தோரணையில். மகன் பக்கத்தில். எதிரே அந்தப் பின்காவலன், காலில் பெரிய கட்டோடு, ஊன்றுகோல் இரண்டையும் சுவரில் சாத்திவிட்டு இருந்தான். முழங்காலில் தசைநார் அறுந்து சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. தலைமை தாங்கியவர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. சுற்றி வளைக்கவில்லை. மகனைப் பார்த்து, "தவறுதலாக நடந்ததா?" என்று கேட்டார்.

தகப்பன் வாயைத் திறந்தார். மகன் முந்திக்கொண்டான்.

"இல்லை. வேண்டுமென்றுதான் செய்தேன்."

தகப்பன் அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? இவ்வளவு நாளும் தான் சொன்ன கதையைத் தானே நம்பியிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கள்ளமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே, தன் பிள்ளை தட்டுப்பட்டு விழுந்தான் என்று முடிவு செய்துகொண்டார். அதற்காக என் எரிச்சல் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

பின்காவலன் மகனைப் பார்த்துச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான். "நான் உன்னை இடித்தபோது உன் முன்னால் வந்தேன். நீ என்னைக் கண்டாய்."

"கண்டேன்," என்றான் மகன்.

தலைவி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் கோட்டில் நின்றீர்கள். அந்த மொழி உங்களுக்குத் தெரியும் என்று அறிகிறேன். வேலியில் இருந்து ஏதாவது சொல்லப்பட்டதா?"

நான் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தேன். பொய் சொல்ல ஏலாது. "ஆம், ஒரு வாக்கியம் கேட்டது," என்று தொடங்கினேன்.

"பொறுங்கோ அண்ணை," என்றார் தகப்பன் தமிழில். பிறகு எழுந்து நின்று, தொழிற்சாலையில் பழகிய தன் ஜெர்மனில், "நான் அவன் அப்பா. முழங்காலுக்கு ஒன்று கொடு என்று நான்தான் சொன்னேன். இவர் மொழிபெயர்க்கத் தேவையில்லை," என்றார். சொல்லிவிட்டு உட்காரத் தெரியாதவர் போல நின்றுகொண்டே இருந்தார். மகன் அவருடைய கோட்டு முனையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

மகனுக்கு அந்தப் பருவம் முழுவதும் தடை. தகப்பன் மகனுடைய அணியின் ஆட்டங்களில் மைதானத்துக்குள் வரக்கூடாது. எனக்கும் ஒன்று கிடைத்தது: கேட்ட வாக்கியத்தை அறிக்கையில் சேர்த்திருக்க வேண்டும், அந்த ஆளை அப்போதே வெளியேற்றியிருக்க வேண்டும் என்று தலைவி எல்லோருக்கும் முன்னால் எனக்குச் சொன்னார். நல்லது. தகப்பனும் ஏசியாயிற்று, மண்டபமும் ஏசியாயிற்று, குழுவும் ஏசியாயிற்று.

வெளியே வந்தால் டோர்ட்மண்ட் பக்கம் போகும் ரயில்கள் ரத்து. தண்டவாளத்தில் ஏதோ வேலையாம். தகப்பனும் மகனும் நிலைய வாசலில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். காணாதது போல ஓட்டிப் போயிருக்கலாம். நிறுத்தி, "ஏறுங்கோ," என்றேன்.

ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். எசன் தாண்டும் வரை கார் ஊர்ந்தது. மகன் பின்னால் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு தகப்பன் என்னிடம் இல்லை, முன் கண்ணாடியிடம் சொல்வது போலச் சொன்னார்.

"அவன் விழுந்து கிடக்கேக்க எழும்பமாட்டான் எண்டு நினைச்சனான். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு என்ன கதைச்சன் எண்டு எனக்கே தெரியாது."

"விளங்குது அண்ணை."

"அந்தப் பொடியன்ர கால் சரிவருமோ?"

"வரும். அடுத்த வருசம் விளையாடலாம் எண்டுதான் சொல்லுறாங்கள்."

பின்னால் இருந்து மகன், "நான் அவனோட கதைச்சனான் அப்பா. செவ்வாய்க்கிழமை போய்ப் பாக்கப்போறன்," என்றான்.

"நானும் வாறன்," என்றார் தகப்பன்.

"வேண்டாம். நீங்கள் வந்தால் அவன்ர அம்மாவோட விவாதம் பண்ணுவியள்."

தகப்பன் மறுக்கவில்லை. நான் முன்னால் நின்ற லொறியைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

மகன் போய் வந்தான் என்று பிறகு அறிந்தேன். அடுத்த பருவத்தில் இருவரும் விளையாடினார்கள், வெவ்வேறு நகரங்களில். தகப்பனுக்கு மைதானத்துக்குள் மறுபடி அனுமதி கிடைத்தது. அத்தோடு எனக்கு ஒரு புது வேலையும் கிடைத்தது. ஆட்டம் உள்ள நாட்களில், நான் வேறு நகரத்தில் கோடு போட்ட சட்டையோடு நின்றாலும், வீட்டில் கறி காய்ச்சிக்கொண்டு நின்றாலும், அழைப்பு வரும்.

"அண்ணை, இப்ப ஒருத்தன் பக்கத்தால வந்து மகன்ர இடுப்பில குடுத்தான். தலை படேல்லை. இது என்ன மாதிரி?"

"கொடி போட்டவங்களோ?"

"இல்லை."

"மகன் எழும்பிட்டானோ?"

"எழும்பிட்டான். சிரிக்கிறான்."

"அப்ப விடுங்கோ அண்ணை."

"விடுறன். ஆனா ஒண்டு கேக்கிறன், பக்கத்தால எண்டால் எவ்வளவு பக்கத்தால?"

அடுப்பை அணைத்துவிட்டு, கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு விளங்கப்படுத்தத் தொடங்குவேன். மனைவி என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வாள்.